ஆட்டுக்குட்டியைக் கடத்திய வேகம்

டவுன்ஹால் ரோட்டில் பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்குள் கனகலட்சுமி ஏறக்குறைய ஓடித்தான் வந்தார். செருப்பைக் கழற்றக்கூட மறந்துபோயிருந்தார்.

"மேடம், எங்க படத்தைத் திருடிட்டாங்க. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள யாருன்னு தெரியலைன்னா எல்லாமே போச்சு!"

மேசைக்குப் பின்னால் இருந்த அன்னக்கொடி எழுந்து மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பழுதான லைன்களைத் தேடிப் பிடிக்கும் வேலையை விட்டுவிட்டு வந்து துப்பறியும் நிலையம் தொடங்கியவர் அவர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"உக்காருங்க. முதல்ல தண்ணி. அப்புறம் படம்."

அன்னக்கொடியின் குரலில் இல்லாத பரபரப்பையெல்லாம் சேர்த்து வைத்திருந்தவன் அவருடைய உதவியாளன் ராஜபாண்டி. பகலில் துப்பறிவான், ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பான். "படம்" என்ற சொல் காதில் விழுந்ததுமே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்துவிட்டான்.

கனகலட்சுமியின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சேலைக்குச் சாயம் போடும் சௌராஷ்டிரக் குடும்பம். மூன்று வருடங்களுக்கு முன்னால், 2000-இல், பசுமலையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து அவர் கார்ட்டூன் ஸ்டூடியோ ஆரம்பித்தபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அந்த ஸ்டூடியோ இப்போது தன் முதல் படத்தை முடித்திருந்தது. சந்தைக்குக் கொண்டுபோகப்பட்ட ஓர் ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறி, மதுரை முழுக்கச் சுற்றும் பதினாறு நிமிடப் படம்.

"பெங்களூர்ல ஒரு அனிமேஷன் விழா. திங்கக்கிழமை வாடகைக்கு ஒரு டேப் மிஷின் கொண்டாந்து எங்க படத்தை ஏத்தி அனுப்புனோம். இன்னைக்குக் காலைல அங்கருந்து போன். இதே படம், வேற தலைப்புல, சென்னைக் கம்பெனி ஒண்ணோட பேருல ஏற்கனவே வந்திருக்காம். சனிக்கிழமையே போய்ச் சேர்ந்துருச்சாம். ஆறு மணிக்குள்ள விளக்கம் சொல்லணும், இல்லைன்னா ரெண்டையும் தள்ளிருவாங்களாம்."

"உங்க படம் என்னைக்கு முடிஞ்சுச்சு?"

"புதன்கிழமை ராத்திரி. ஒரே ஃபைலு. முப்பது ஜி.பி. ஒரே ஒரு கம்ப்யூட்டர்லதான் இருக்கு. அதுக்கு இன்டர்நெட்டும் கிடையாது, வேற கம்ப்யூட்டரோட இணைப்பும் கிடையாது. சி.டி. எழுதுற வசதியும் இல்ல."

"அப்போ ஃபிளாப்பில எடுத்திருக்க முடியாது" என்றான் ராஜபாண்டி ஆர்வம் தாங்காமல். "இருபதாயிரம் ஃபிளாப்பி வேணும். லாரி பிடிச்சாத்தான் உண்டு!"

கனகலட்சுமிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "எங்ககிட்ட இருக்கிறது ஒரு ஹார்ட் டிஸ்க்தான். வெளில இருந்து வயர்ல மாட்டுறது. புதுசு. அதுலதான் எடுத்திருக்கணும்."

அதைத் தொடக்கூடியவர்கள் மூன்று பேர். படத்தை இயக்கிய பாண்டிமீனா. சோழவந்தான் பக்கத்துப் பெண், வயல்வேலைக் குடும்பத்திலிருந்து படித்து வந்தவள். ஒலி சேர்த்த ராகேஷ். கனகலட்சுமியின் அக்கா மகன். கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் தவசி; பரவையில் கடை வைத்திருப்பவர்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாண்டிமீனா காப்பி பண்ணதைக் கண்ணால பார்த்தேன்னு ராகேஷ் சொல்றான். போலீசுல எழுதிக் கொடுங்க சித்தின்னு நிக்கிறான். அந்தப் பொண்ணு அப்படிச் செய்யாதுன்னு என் மனசு சொல்லுது. ஆனா அக்கா மகன் பொய் சொல்லுவான்னும் நினைக்க முடியல."

அன்னக்கொடி குடையை எடுத்துக்கொண்டார். "மாப்ள, வண்டியை எடு."

---

ஸ்டூடியோ, மாடியில் இரண்டே அறைகள். சுவர் முழுவதும் ஆட்டுக்குட்டிகள்: ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்த ஆட்டுக்குட்டி, கண்டக்டரின் டிக்கெட்டைத் தின்னும் ஆட்டுக்குட்டி, சிம்மக்கல் பாலத்தில் நெரிசலுக்குள் தலை நீட்டும் ஆட்டுக்குட்டி. ராஜபாண்டி ஒவ்வொன்றாகப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான்.

ராகேஷ் மெலிந்த, சுறுசுறுப்பான இளைஞன். கேட்ட கேள்விக்குத் தயங்காமல் பதில் சொன்னான்.

"வெள்ளிக்கிழமை ஆறரை மணி இருக்கும் மேடம். ஹெட்ஃபோன் எடுக்க உள்ள போனேன். பாண்டிமீனா மட்டும் உக்காந்திருந்துச்சு. டிஸ்க் மாட்டியிருந்துச்சு. காப்பி ஆகுறப்ப ஸ்கிரீன்ல பேப்பர் பறக்குமில்ல, அது ஓடிக்கிட்டு இருந்துச்சு. மேல முழுப் படத்தோட பேரு. கீழ இருபது நிமிஷம் மீதின்னு போட்டிருந்துச்சு."

"இருபதுன்னு நல்லா ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு. அப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு போல. கொஞ்ச நேரம் கழிச்சு எட்டிப் பார்த்தேன், பதினெட்டு."

ராஜபாண்டி ஹார்ட் டிஸ்க்கின் அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தான். யு.எஸ்.பி. இரண்டு, அதிவேக இணைப்பு என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. உள்ளங்கையில் பேனாவால் கணக்குப் போட்டான். அவன் முகம் வாடிவிட்டது.

"அக்கா" என்று காதருகே முணுமுணுத்தான். "இந்த டிஸ்க்கு நிஜத்துல செகண்டுக்கு இருபத்தஞ்சு எம்.பி. இழுக்கும். முப்பது ஜி.பி.க்கு இருபது நிமிஷந்தான் வருது. அவரு சொல்றது அச்சு அசலாச் சரியா இருக்கு. அந்தப் பொண்ணுதான் போலக்கா."

"கணக்கை அழிச்சிராத, கையிலயே இருக்கட்டும்" என்றார் அன்னக்கொடி.

பாண்டிமீனா பக்கத்து அறையில் தனியாக இருந்தாள். அழுது முடித்திருந்த முகம். ஆனால் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

"காப்பி பண்ணது நெசந்தான்க்கா" என்றாள் எடுத்த எடுப்பில். ராஜபாண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆனா முழுப் படத்தை இல்ல. நான் பென்சில்ல வரைஞ்சு ஓட்டிப் பார்த்த துண்டுகளை மட்டுந்தான். ஒரு மூணு ஜி.பி. இருக்கும். அகமதாபாத்ல ஒரு டிசைன் காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கேன். வரைஞ்சதைக் காட்டணும்னாங்க. கனகலட்சுமி அம்மாகிட்ட சொன்னா ஸ்டூடியோவை விட்டுப் போறேன்னு வருத்தப்படுவாங்கன்னு சொல்லாம எடுத்தேன். அதுதான் நான் செஞ்ச தப்பு."

கூடவே வந்திருந்த கனகலட்சுமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அன்னக்கொடி கையமர்த்தினார்.

"புதன்கிழமை படம் முடிஞ்சதுக்கு அப்புறம் நீ எப்போம்மா இங்க வந்த?"

"அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்துன்னு வியாழக்கிழமை ஊர்ல இருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலந்தான் இங்கிட்டு வந்தேன். ஆறேகாலுக்கு வந்து ஏழரைக்குக் கிளம்புனேன், ஊருக்குக் கடைசி பஸ்ஸையும் விட்டுட்டேன். இந்தப் பாழாப்போன டிஸ்க்கு அம்புட்டு மெதுவு. அந்த மூணு ஜி.பி. ஏற ஒரு மணி நேரம் ஆச்சு. போதாததுக்கு மாட்டுன உடனேயே மூலையில மஞ்சளா ஒரு பலூன் மாதிரி வந்து இங்கிலீஷ்ல என்னமோ சொல்லுச்சு. ஹை ஸ்பீடுன்னு ஏதோ. நான் அதை மூடிட்டேன்."

ராஜபாண்டி துள்ளி எழுந்தான். "ஒரு மணி நேரமா? மூணு ஜி.பி.க்கா?"

அடுத்த நொடி அவன் பெரிய அறையில் மேசைக்கடியில் தலையை நுழைத்திருந்தான். கம்ப்யூட்டர் பெட்டியை இழுத்துத் திருப்பினான். அதன் முதுகிலிருந்து ஒரு நீட்டிப்பு வயர் புறப்பட்டு மேசை மேல் வந்து முடிந்தது. டிஸ்க்கை எல்லோரும் அந்த வயரின் முனையில்தான் மாட்டுவார்கள்.

"அக்கா! இது ஸ்டூடியோ ஆரம்பிச்சப்ப வாங்குன மிஷினு. இதுல இருக்கிற யு.எஸ்.பி. பழைய வகை. டிஸ்க்கு புது வகை. எழுதியிருக்கிற கணக்குப்படி ரெண்டுக்கும் நாப்பது மடங்கு வித்தியாசம்! புது டிஸ்க்கைப் பழைய ஓட்டையில மாட்டினா பழைய வேகத்துலதான் ஓடும். செகண்டுக்கு ஒரு எம்.பி. போனாப் பெரிசு. அந்த மஞ்சள் பலூனே அதைத்தான் சொல்லுது. வேகமான சாமானை மெதுவான இடத்துல மாட்டியிருக்கீங்கன்னு!"

"அப்போ முழுப் படத்துக்கு?"

"எட்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். பாண்டிமீனா வெள்ளிக்கிழமை இங்க இருந்ததே ஒண்ணேகால் மணி நேரம். இது அந்தப் பொண்ணு இல்லக்கா! ராகேஷ் புளுகுறாரு!"

மாடிப்படியில் நின்றிருந்த ராகேஷுக்கு அவன் சத்தம் கேட்டுவிடாதபடி அன்னக்கொடி கதவைச் சாத்தினார்.

"புளுகுதான். ஆனா ஒரு சந்தேகம். வாய்க்கு வந்ததைச் சொல்றவன் அஞ்சு நிமிஷம்பான், ஒரு மணி நேரம்பான். இவன் இருபதுன்னான். உனக்கு அந்த இருபதைக் கண்டுபிடிக்கக் கையெல்லாம் மை ஆச்சு. சவுண்டு வேலை பார்க்கிறவனுக்கு அது எப்படிச் சரியா வந்துச்சு?"

ராஜபாண்டி தன் உள்ளங்கைக் கணக்கைத் திரும்பப் பார்த்தான்.

"அவன் அந்த இருபதைக் கண்ணால பார்த்திருக்கான். எங்க பார்த்தான்? இந்த மிஷின்ல அது தெரியவே தெரியாதுன்னு நீயே சொல்ற." அவர் குனிந்து பெட்டியின் முதுகைப் பார்த்தார். மூன்று வருடத் தூசி மெத்தைபோல் படிந்திருந்தது. கார்டுகள் செருகும் பிளவுகளை மூடியிருந்த தகடுகளும் தூசியில் கறுத்திருந்தன. ஒன்று மட்டும் கைபட்டுத் துடைத்ததுபோல் இருந்தது. அதன் திருகாணி பளபளத்தது, மற்றவை துருப்பிடித்திருந்தன.

"இதை யாரோ சமீபத்துல கழட்டி மாட்டியிருக்காங்க" என்றார். "யாரு?"

ராஜபாண்டி அதற்குள் வண்டிச் சாவியைக் கையில் எடுத்திருந்தான்.

---

திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடி தாண்டியதும் ராஜபாண்டி வண்டியை விரட்டினான். வெங்காய லாரிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு, பரவை மார்க்கெட்டுக்கு எதிரே தவசியின் கடை முன்னால் நிறுத்தியபோது அன்னக்கொடியின் கொண்டை அவிழ்ந்திருந்தது. அதை முடிந்துகொண்டே அவர் உள்ளே போனார்.

தவசி நரைத்த மீசைக்காரர். பசுமலை ஸ்டூடியோ என்றதுமே அவர் கையிலிருந்த திருப்புளி மேசையில் உருண்டது.

"நான் ஒண்ணும் பண்ணல. மாசா மாசம் போவேன், துடைச்சு வச்சுட்டு வருவேன். அம்புட்டுத்தான்."

"தூசியை அப்படியே விட்டுட்டு ஒரே ஒரு தகட்டை மட்டுந்தான் துடைப்பீங்களாண்ணே?" என்றான் ராஜபாண்டி.

தவசி திருப்புளியை எடுத்து டப்பாவில் போட்டார். அன்னக்கொடி ஸ்டூல் ஒன்றை இழுத்து எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணே, நீங்க படத்தைத் திருடுனீங்கன்னு நான் நினைக்கல. ஆனா நீங்க வாயைத் திறக்கலைன்னா, ஒண்ணும் தெரியாத ஒரு பொண்ணு மேல சாயங்காலம் கேஸ் ஆயிரும். பாண்டிமீனா மேல."

"அந்தப் புள்ள மேலயா?" தவசி எழுந்தே நின்றுவிட்டார். "ஆத்தாடி! அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

பிறகு கொட்டித் தீர்த்தார். புது டிஸ்க் வாங்கிய கனகலட்சுமிக்கு, அதற்கேற்ற அதிவேக யு.எஸ்.பி. கார்டு ஒன்றையும் விற்கலாம் என்று அவர் நினைத்திருக்கிறார். வியாழக்கிழமை காலையில் போனபோது கூட்டிப் பெருக்கும் முருகம்மாள் மட்டும்தான் இருந்தாள். கார்டைச் செருகி, மேசைக்கு வரும் வயரை அதில் மாட்டிவிட்டு வந்தார். வேகத்தை அவர்களே பார்க்கட்டும், அடுத்த வாரம் வந்து பேசிக்கொள்ளலாம் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளே வேறொருவருக்கு அந்தக் கார்டு அவசரமாகத் தேவைப்பட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அதைக் கழற்றி, வயரைப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டு வந்துவிட்டார்.

"இன்னைக்குக் காலைல படம் திருட்டுப்போச்சுன்னு போன் வந்துச்சு. சொல்லாம கொள்ளாம பெட்டியைத் திறந்தவன் நான் ஒருத்தன்தானே. என்னையத்தான் பிடிப்பாங்கன்னு பயந்துட்டேன்."

"வயர் முனை மேசையில அப்படியே இருந்துச்சு. உள்ள கார்டு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அப்படித்தானே?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

அன்னக்கொடியின் முகத்தில் அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "அந்தக் கார்டு மாதிரி இன்னொண்ணு கடையில இருக்காண்ணே? எடுத்துக்கிட்டு எங்ககூட வாங்க."

---

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் எல்லோரும் பெரிய அறையில் கூடியிருந்தார்கள். கனகலட்சுமி டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பாண்டிமீனா சுவரோரம் நின்றாள். ராகேஷ் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு இருந்தான். தவசி தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீங்க பார்த்ததை இன்னொரு தடவை எல்லாருக்கும் சொல்லுங்க" என்றார் அன்னக்கொடி.

ராகேஷ் சொன்னான். ஒரு சொல்கூட மாறவில்லை. இருபது நிமிடம் மீதி. பிறகு பதினெட்டு.

"சரி. ராஜபாண்டி, டிஸ்க்கை மாட்டு. முழுப் படத்தையும் காப்பி போடு."

திரையின் மூலையில் மஞ்சள் பலூன் எழுந்தது. "இதேதான்க்கா!" என்றாள் பாண்டிமீனா. காகிதங்கள் பறக்கத் தொடங்கின. எண் அங்குமிங்கும் தடுமாறிவிட்டு நிலைத்தது. ராஜபாண்டி அதை உரக்க வாசித்தான்.

"நானூத்தி எண்பத்தி ஆறு நிமிஷம் மீதி!"

ராகேஷின் கால் கீழே இறங்கியது. "இன்னைக்கு மிஷின் மெதுவா ஓடுது. வைரஸ் இருக்கும்."

"இருக்கலாம். தவசி அண்ணே, உங்க கார்டை மாட்டுங்க."

தவசி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். பளபளத்த திருகாணியைக் கழற்றி, தகட்டை எடுத்து, கார்டைச் செருகி, மேசை வயரை அதில் மாட்டினார். கம்ப்யூட்டர் மீண்டும் உயிர்பெற்றது. பாண்டிமீனா சுவரை விட்டு மெதுவாக முன்னால் வந்துவிட்டாள். ராஜபாண்டி அதே டிஸ்க்கை அதே வயரில் மாட்டினான். பலூன் வரவில்லை. காகிதங்கள் பறந்தன.

"இருபது!" ராஜபாண்டி கத்தியேவிட்டான். "அக்கா, இருபது நிமிஷம் மீதி!"

கனகலட்சுமி எழுந்து வந்து திரையைத் தொட்டுப் பார்த்தார். "இது எப்படி?"

"டிஸ்க்கு அதேதான், வயரும் அதேதான்" என்றார் அன்னக்கொடி. "உள்ள இருக்கிற வழிதான் வேற. பழைய வழியில போனா விடிய விடியப் போகணும். புது வழியில போனா ஒரு காப்பி குடிக்கிற நேரம். அந்தப் புது வழி இந்தப் பெட்டிக்குள்ள வியாழக்கிழமை காலைல வந்துச்சு, வெள்ளிக்கிழமை மத்தியானம் போயிருச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாண்டிமீனா உக்காந்தப்ப அது இல்ல. அந்த நேரத்துல இந்த ஸ்கிரீன்ல இருபதுங்கிற நம்பரை யாருமே பார்த்திருக்க முடியாது." அவர் ராகேஷின் பக்கம் திரும்பினார். "நீங்க பொய்யா ஒரு நம்பரைச் சொல்லலை தம்பி. நெசமாவே பார்த்த நம்பரைச் சொன்னீங்க. பார்த்த நாள்தான் வேற."

ராகேஷ் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"வெள்ளிக்கிழமை காலைல நான்தான் இந்த மிஷின்ல படத்தைப் போட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார் கனகலட்சுமி மெதுவாக. "வியாழக்கிழமை நான் சாயப்பட்டறைல இருந்தேன். பாண்டிமீனா லீவு. முருகம்மா பெருக்கிட்டுப் போனப்புறம் சாவி ராகேஷ்கிட்டதான்…" அவர் அக்கா மகனை நேராகப் பார்த்தார். பிறகு தங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அங்கிருந்த மற்றவர்களுக்குச் சொற்கள் புரியவில்லை. ஆனால் கேள்வி புரிந்தது.

ராகேஷ் தமிழிலேயே பதில் சொன்னான்.

"நான்தான் சித்தி. அந்த ஆட்டுக்குட்டிக் கதையை முதல்ல சொன்னது யாரு? நான்தானே? பஸ் சத்தம், சந்தைச் சத்தம், கண்டக்டர் விசில், ஒவ்வொண்ணா அலைஞ்சு பிடிச்சுட்டு வந்தது நான். கடைசில டைட்டில்ல இயக்கம் பாண்டிமீனான்னு போட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. சென்னைக்காரங்க என் பேரையே டைரக்டர்னு போடுறோம்னாங்க. வியாழக்கிழமை எடுத்து, மதுரைக்கு வந்திருந்த அவங்க ஆளோட கம்ப்யூட்டர்ல ஏத்திக் கொடுத்தேன். எம்புட்டு நேரம் ஆகுமோன்னு பயந்துக்கிட்டே மாட்டினேன், பொசுக்குன்னு முடிஞ்சுருச்சு. டிஸ்க்கு வேகம்னு நினைச்சேன். வெள்ளிக்கிழமை பாண்டிமீனா காப்பி பண்றதைப் பார்த்தப்ப, யாராவது கேட்டா அதைச் சொல்லிரலாம்னு…" அவன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான்.

"கதையை நீ சொன்னது எனக்குத் தெரியும்டா. டைட்டில்ல போட்டிருந்தேனே. கதையும் ஒலியும் ராகேஷ்னு. கடைசி வரைக்கும் நீ பார்க்கலையா?" என்றார் கனகலட்சுமி. அவர் குரலில் கோபத்தைவிட ஆற்றாமைதான் அதிகமாக இருந்தது.

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்த ராஜபாண்டி பதறினான். "அம்மா, பெங்களூரு!"

கனகலட்சுமி எண்களைச் சுழற்றினார். மறுமுனையில் குரல் கேட்டதும் ரிசீவரை ராகேஷிடம் நீட்டினார். "நீயே சொல்லு."

அவன் தயங்கினான். பிறகு வாங்கிக்கொண்டு, திக்கித் திக்கி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். கேள்விகள் வந்தன, பதில் சொன்னான். பென்சிலில் வரைந்து ஓட்டிப் பார்த்த துண்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டார்கள். "இருக்கு, எல்லாமே பாண்டிமீனாகிட்ட இருக்கு" என்றான். அதன்பின் நீண்ட நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான்.

ரிசீவரை வைத்தான். "துண்டுகளை அனுப்பி வைக்கச் சொல்றாங்க. சென்னைக்காரங்க படத்தைத் தள்ளிட்டாங்க. நம்ம படம்… முதல் நாளே காட்டுறாங்களாம்."

ராஜபாண்டி தவசியைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டான். தவசியின் பை கீழே விழுந்து திருகாணிகள் அறை முழுக்கச் சிதறின. கனகலட்சுமி சிரித்துக்கொண்டே அழுதார். பாண்டிமீனாவை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, "அகமதாபாத்தோ எங்கயோ, நீ போகணும். நானே ரயிலேத்தி விடுறேன்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவோரம் நின்ற ராகேஷைப் பார்த்தார். குரல் இறுகியது.

"டைட்டிலை மாத்தி எழுதணும். இவன் பேரு அதுல இருக்கக் கூடாது."

ராகேஷ் தலைகுனிந்து படியிறங்கத் திரும்பினான்.

"வேணாம்மா" என்றாள் பாண்டிமீனா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ராகேஷைப் பார்க்காமல், சுவரில் ஜன்னலோரச் சீட்டில் இருந்த ஆட்டுக்குட்டியைப் பார்த்தபடியே பேசினாள்.

"கதை அவரு சொன்னதுதான். சத்தமும் அவரு பிடிச்சதுதான். அந்தக் குட்டி பஸ்ஸுக்குள்ள முதல்ல கத்துற கத்து, அதை நான் எம்புட்டு நல்லா வரைஞ்சாலும் அவரு இல்லாம வந்திருக்காது. அவரு மேல எனக்கு இருக்கிற ஆத்திரம் ஆற நாளாகும். ஆனா பேரு இருக்கட்டும்."

ராகேஷ் படியில் நின்றுவிட்டான். ஒரு கை கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தது.

அன்னக்கொடி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ராஜபாண்டிக்கு இன்னும் சொல்ல ஆயிரம் இருந்தது. ஆனால் அவர் அவன் தோளைத் தட்டி, வாசலைக் காட்டினார். இருவரும் ராகேஷைக் கடந்து ஓசைப்படாமல் கீழே இறங்கினார்கள்.